பராக்குக்காரர்

வில்லியனூர் ரயிலடிக்கு எதிரே நான் மளிகைக் கடை வைத்திருந்த நாளில், தினமும் சாயங்காலம் தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைமுன் வந்து நிற்பார். சாமான் வாங்க வருகிறவர் இல்லை. "பாய், உங்க புள்ளையயும் குடுங்க, பராக்கு காட்டிட்டு வரேன்" என்பார். நானும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். நடக்கப் பழகிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எவனாலாவது பருப்பு நிறுக்க முடியுமா? என் மகன் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்பான்.

அவருக்குப் பராக்குக்காரர் என்று பெயர் வைத்தவன் நான்தான். கேலியாகத்தான் வைத்தேன், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துத் தெருக்காரனுக்கே தெரியாது. பராக்குக்காரர் வீடு எது என்றால் என் கடைக்குப் பின்பக்கம் கையைக் காட்டுவார்கள். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான் இருந்தது, அதிலும் பிள்ளைகள் புகுந்து போக ஒரு சந்து உண்டு.

வெற்றிலைக் கொடிக்காலில் அவருக்கு வேலை. விடியுமுன் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடி கட்டிவிட்டு மத்தியானத்துக்கெல்லாம் திரும்பிவிடுவார். அதுவரை பிள்ளையை அவருடைய அக்கா பார்த்துக்கொள்வாள். வந்ததும் குளித்து, பிள்ளைக்கு நாலு வாய் ஊட்டி, தூக்கித் தோளில் வைத்தால் இருட்டும்வரை ஊர் சுற்றல்தான். கள்ளுக்கடை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இந்த ஒரு பைத்தியம்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளைக்குச் சோறூட்டும்போது காக்காயைக் காட்டுவார்கள், நிலாவைக் காட்டுவார்கள். வாய் திறந்ததும் உருண்டையை உள்ளே தள்ளிவிட்டால் அவர்களுக்குக் காரியம் முடிந்தது. இவருக்குக் காட்டுவதே காரியம். கொல்லன் பட்டறையில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றும் நாளைத் தெரிந்துவைத்திருப்பார். சந்தை கூடுவதற்கு முன்பே போய், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டிகளிடம் உட்கார்ந்துவிடுவார். சந்தை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். "காசு கேக்குற எடத்துக்குப் புள்ளைய இட்டுக்கினு போவக் கூடாது பாய். நம்ம கையி மடியத் தொட்டுப் பாத்துக்கினே இருக்கும், புள்ளைய எங்க பாக்கறது?" என்பார்.

எதைக் காட்டுவதற்கு முன்பும் அவர் ஒரு வேலை செய்வார். பிள்ளையின் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்து, தானும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். நட்டநடுத் தெருவில் ஆறடி ஆள் இப்படிக் குந்தினால் சிரிக்கமாட்டார்களா? நானும் சிரித்தேன்.

"இன்னாய்யா அது, எதையாவது தொலச்சிட்டியா?"

"என் ஒசரத்துல தெரியறது அவனுக்குத் தெரியாது பாய். அவனுக்கு இன்னா தெரியுதுன்னு பாக்கறேன்."

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

வில்லியனூர்த் தேர் என்றால் சும்மா இல்லை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் துரையே வந்து வடம் பிடிப்பார், சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் திரண்டுவிடும். பராக்குக்காரர் அன்றைக்குத் தேரோடும் தெருப் பக்கமே போகமாட்டார். மறுநாள் காலையில், நசுங்கிய பூவும் வாழைப்பட்டையும் கிடக்கிற தெருவில், நிலைக்கு வந்து நிற்கிற தேரிடம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போவார். தங்களைவிட உயரமான சக்கரத்தைத் தொடவைத்து, அதன் நிழலில் உட்காரவைத்துப் பொரி கொடுப்பார். "நேத்து வந்திருந்தா இன்னாத்த பாத்திருப்பானுங்க? நாலு பேரு முட்டிக்கால பாத்திருப்பானுங்க" என்றார் என்னிடம். என் மகன் தேரைத் தொட்டுவிட்டு வந்ததில் என் மாமியாருக்கு முகம் கோணிவிட்டது. அது அவர் காதுக்கும் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் பள்ளிவாசல் குளத்துக்குக் கூட்டிப்போய் மீன் காட்டினார். மாமியாருக்குச் சமாதானமாகிவிட்டது.

கண்டமங்கலம் சாலையில் நம்முடைய பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை தொடங்கும் இடத்தில் ஒரு சாவடி உண்டு. ஒருநாள் அங்கே கூட்டிப்போய்த் தன் பிள்ளையைக் கோட்டின்மேல் நிறுத்தி, "இந்தக் காலு பிரெஞ்சு, அந்தக் காலு இங்கிலீஷு" என்று காட்டியிருக்கிறார். பிள்ளை கையில் ஒரு நெருப்புப் பெட்டி. அந்தக் காலத்தில் இங்கிருந்து அங்கே ஒரு நெருப்புப் பெட்டி போனாலும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சாவடிச் சேவகன் பிடித்துக்கொண்டான்.

"இன்னாது அது? தொற."

"தொறக்காதீங்க ஐயா, உள்ள உசுரு இருக்குது."

இப்படிச் சொன்னால் எந்தச் சேவகன் விடுவான்? வெடுக்கென்று பிடுங்கித் திறந்திருக்கிறான். உள்ளே இருந்த பொன்வண்டு பறந்துபோய் அவன் மீசையில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளை கைகொட்டிச் சிரிக்க, வண்டிக்காரர்கள் சிரிக்க, கடைசியில் சேவகனும் சிரித்துவிட்டானாம். அதை என் கடைமுன் நடித்துக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரிக்கவைக்கிற மனிதர்தான் அவர்.

அந்தப் பிள்ளைக்கு அம்மா இருந்தாள். சைகோனில் இருந்தாள்.

ஒரு வருஷம் கொடிக்கால் மொத்தமும் அழுகிப்போனது. எங்கும் வேலை இல்லை. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம் கடல் கடந்து சைகோனுக்கு மாற்றலாகிப் போனது. அந்த வீட்டு மதாம், தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று கேட்டாள். பராக்குக்காரர் பெண்சாதி போனாள். துரையின் குழந்தையைத் தூக்கிக்கொள்ளத் தன் பிள்ளைக்குப் பாலை மறக்கடித்துவிட்டுப் போனாள். அப்போது இவனுக்குப் பல்லே நாலுதான் முளைத்திருந்தது. எங்கள் ரயிலடியில்தான் ஏறினாள். வண்டி நகரும்வரை ஜன்னலில் முகத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இறங்கியிருப்பாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. பிள்ளை அம்மாவை மறந்துவிடக் கூடாது. "மொகம் மறந்துதான் போவும் பாய், அதுக்கு நான் இன்னா செய்ய முடியும்? சொல்லு மறக்கக் கூடாது. அது வந்து எறங்கும்போது இவன் 'அம்மா'ன்னு ஒரு வாட்டி கூப்புடணும். எனக்கு அது போதும்."

அதனால் ஏரி, குளம், பட்டறை என்று எங்கே சுற்றினாலும் புதுச்சேரியிலிருந்து சாயங்கால வண்டி வருகிற நேரத்துக்கு ரயிலடிக்கு வந்துவிடுவார். வேலியோரம் நின்றுகொண்டு, தூரத்தில் புகை தெரிந்ததும் ஆரம்பிப்பார். "பாரு, பாரு, அம்மா வருது பாரு. அம்மா வரும். எங்க, கூப்புடு."

"அம்மா!" என்று பிள்ளை கத்துவான். வண்டி வரும், நிற்கும், ஊதிவிட்டுப் போகும். "இன்னிக்கு வரல. நாளிக்கு வரும்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, ஒருநாள் தவறியதில்லை.

இதை எழுதும்போது எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அம்மா வருகிறாள் என்று நாங்கள் சொல்வதில்லை. அக்கா வருது, அம்மா போவுது, பொண்டாட்டி கோச்சிக்கினு இருக்குது என்றுதான் பேசுவோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, பிரியமாகச் சொல்வதே அப்படித்தான். மாடும் வருது, மழையும் வருது, அம்மாவும் வருது. பெரியவர்களுக்கு இதில் குழப்பம் கிடையாது. பேச்சுக் கற்கிற பிள்ளை என்ன கண்டது?

ஒருநாள் என் கடையில் இரண்டு பிள்ளைகளும் புளிச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தள்ளிக்கொண்டு விளையாடினார்கள். என் மகன் "ரயிலு, ரயிலு" என்று தள்ளினான். மற்றவன் அவனைத் தடுத்து, மூக்கை விடைத்துப் புகை விடுவதுபோல் ஊதிக் காட்டி, "அம்மா" என்றான். இவன் "ரயிலு" என்றான். அவன் "அம்மா" என்றான். அடித்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் வந்ததும் சொன்னேன். "யோவ், ஒம் புள்ள எத அம்மான்னு சொல்றான் தெரியுமா?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். "மழல பாய். அது வந்தா தெரிஞ்சிக்குவான்." ஆனால் அன்று சாயங்காலம் வேலியோரம் அவர் பிள்ளையின் பக்கத்தில் குந்துவதைக் கடையிலிருந்து பார்த்தேன். "அது ரயிலுடா கண்ணு. அம்மா அதுக்குள்ளாற இருந்து வரும்." பிள்ளை தலையை ஆட்டினான். எஞ்சின் வந்ததும் இரண்டு கையையும் நீட்டி "அம்மா வந்துச்சி" என்று குதித்தான். அதன் பிறகு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா என்றால் புடவை கட்டியிருக்கும் என்று தன் அக்கா புடவையைக் காட்டினார். அம்மாவுக்கு மூக்குத்தி இருக்கும் என்று என் மனைவி மூக்கைக் காட்டினார். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். அம்மா என்கிற சொல் இருந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அது கரியாக, பெரிதாக, தினமும் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"ரயிலடிக்குப் போறத கொஞ்ச நாளு நிறுத்திப் பாருய்யா" என்றேன்.

"அதுவும் இல்லன்னா எத வச்சி அம்மான்னு சொல்லுவேன்?" என்றார்.

இவ்வளவு காட்டினாரே, கடலைக் காட்டவில்லை. ஒருதடவை நான் சரக்கு எடுக்கப் புதுச்சேரி போகும்போது, மாட்டுவண்டியில் இடமிருக்கிறது, வாய்யா, பிள்ளைகளுக்குக் கடலும் கப்பல் பாலமும் காட்டிவரலாம் என்று கூப்பிட்டேன். மறுத்துவிட்டார். காசு செலவில்லையே என்று வற்புறுத்தினேன்.

"வாணாம் பாய். கடல காட்டுனா அம்மா எம்மாந்தூரத்துல இருக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"ஒண்ணுந்தெரியாத புள்ளைக்கு இன்னாய்யா தெரியப்போவுது?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். பிள்ளைக்காகச் சொன்னதல்ல அது.

சைகோனிலிருந்து ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவர் என் கடைக்குப் பீடி வாங்க வந்தபோது அவளைப் பார்த்ததாகச் சொன்னார். நான் ஓடிப்போய் இவரைக் கூப்பிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறாள், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார் சிப்பாய். சாயங்காலமானால் துரை வீட்டுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றங்கரைக்கு வருவாளாம், அங்கே நிற்கிற கப்பலையெல்லாம் அதற்குக் காட்டுவாளாம்.

"அதுவும் அங்க பராக்குதான் காட்டுதா!" என்று இவர் சிரித்தார். கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அந்தப் புள்ள அத இன்னான்னு கூப்புடுது?" என்று கேட்டார். சிப்பாய் தெரியாது என்றார். தெரிந்தும் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

கடைசியில் அவள் வந்தாள். கப்பல் வந்துவிட்டது, மதாம் இரண்டு நாளில் அனுப்பிவிடுவாள் என்று புதுச்சேரிக்குப் போய்வந்த வண்டிக்காரன் சொன்னான். அவர் வீட்டைச் சாணி போட்டு மெழுகினார். பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினார். நான் கடையைப் பூட்டிவிட்டு என் மகனைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். அன்று வேலிக்கு வெளியே நிற்கவில்லை, பிளாட்பாரத்துக்குள்ளேயே போனோம்.

புகை தெரிந்தது. "அம்மா வருது பாரு" என்று அவர் சொல்லவில்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டிருந்தார். பிள்ளைதான் சொன்னான்.

தகரப் பெட்டியோடு இறங்கினாள். இளைத்துத்தான் இருந்தாள், சிப்பாய் சொன்னது பொய். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள், பிள்ளையின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அவன் அவள் தோளுக்கு மேலாக எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பக்கத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. "அம்மா! அம்மா!" என்று கூவினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. அவள் அள்ளிக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடாதே என்பதுபோல் பார்த்தார்.

வண்டி ஊதியது. நகர்ந்தது. பிள்ளை அவள் பிடியில் துள்ளினான், உதைத்தான், முகத்தில் பிறாண்டினான். "அம்மா போவுது! அம்மா போவுது!"

"போவலடா கண்ணு, அம்மா எங்கியும் போவல. தோ இருக்கறேன், தோ இருக்கறேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டியும் போன பிறகுதான், பிள்ளையின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னப் பத்தி இவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா நீ?"

"ஒரு நாளு வுடாம சொன்னேன்" என்றார்.

அன்றோடு பராக்கு நின்றது. ஏரியில்லை, பட்டறையில்லை, சந்தையில்லை. கொடிக்காலிலிருந்து வந்தால் வாசல் படலைச் சாத்திவிடுவார். என் மகன் கடை வாசலில் நின்று அவர் வருகிற வழியைப் பார்த்துப் பார்த்து அழுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளைங்க இன்னாய்யா பண்ணுச்சுங்க?" என்று சத்தம் போட்டேன். "காட்டுனது போதும் பாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். சைகோனிலிருந்து கொண்டுவந்த ரப்பர் பந்தைக் கொடுத்தாள். பிள்ளை அவள் கையால் சாப்பிட்டான், குளித்தான். எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் கை நீட்டினால் அப்பன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான்.

மாதம் ஒன்று போயிருக்கும். வேலிச் சந்தில் புகுந்துபோன என் மகனைக் கூப்பிட ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். பராக்குக்காரர் வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையாலும் பிள்ளையின் காதைப் பொத்தியிருந்தார். வண்டி வருகிற நேரம். பிள்ளை இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கெக்கலித்துச் சிரித்தான். என் மகன், "எனக்கு, எனக்கு" என்று முறைக்கு நின்றுகொண்டிருந்தான். எதைக் கண்டாலும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் போகாத மனிதர், ஒரு சத்தத்தைப் பிள்ளையிடமிருந்து மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கக் கை இல்லை.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்தாள்.

"வுடு. கேக்கட்டும்."

"வாணாம். கொஞ்ச நாளு போனா மறந்துடுவான்."

"இத்தயும் மறந்துட்டா அப்புறம் அவன் யார அம்மான்னு கூப்புடுவான்?"

வண்டி ஊதுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பிள்ளை மடியிலிருந்து எகிறிக் குதித்து நின்றான். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா கண்ணு. அம்மாவப் பாத்துட்டு வரலாம்."

வந்த நாளிலிருந்து அவளிடம் தானாகப் போகாத பிள்ளை, ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படலைத் திறந்து ஓட ஆரம்பித்தாள். என் மகனும் பின்னாலேயே ஓடினான். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டவாளத்துப் பக்கமிருந்து பிள்ளை "அம்மா, அம்மா" என்று கத்துவதும், அவள் "ஆமாண்டா, ஆமாண்டா" என்று சொல்வதும் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.